பூஜையில் வைத்த ஸ்பேனர்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அது என் ராஜ்ஜியம். மற்ற நாட்களில் ஜீப்பைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "உனக்கு இன்னா தெரியும்?" என்று அடக்கிவிடுகிற என் கணவர், அன்று ஒருநாள் மட்டும் நான் சொன்ன இடத்தில் நிற்பார், கேட்டதை எடுத்துக் கொடுப்பார். நான் அடிவாரத்தில், சந்தவாசல் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டு ஜவ்வாது மலைக்கு வந்தாலும் சாமி காரியத்தில் ஒரு குறை வைக்க மாட்டேன் என்கிற திமிர் எனக்கு நிறைய இருந்தது. இப்போதுதான் அதைத் திமிர் என்கிறேன். அப்போது அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. போளூர் போகிற சாலை மலையை விட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. வாசலில் ஒரு பழைய ஜீப், வாடகைக்கு. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் சாமை மூட்டை, புளி மூட்டை, கல்யாணக் கூட்டம், நோயாளி எல்லாமே எங்கள் ஜீப்பில்தான் கீழே இறங்கும். வண்டியை என் கணவர் குழந்தையைப் போலத்தான் வைத்திருந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் ஊரார் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு.

சக்கரம் கழற்றி மாட்டுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது நட்டுகளை எதிரெதிராகப் பார்த்து ஓரளவுக்குத்தான் முறுக்குவார். சக்கரம் அந்தரத்தில் இருக்கையில் முழு பலத்தையும் போட்டால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டுச் சரிந்தாலும் சரியும். தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனரின் மேல் காலை ஊன்றிக் கடைசி முறுக்கு. அதோடும் விடமாட்டார். கொஞ்ச தூரம் ஓட்டிப் போய் நிறுத்தி, இறங்கி, இன்னொரு தடவை முறுக்கிப் பார்ப்பார். சமையல் வேலையை விட்டுவிட்டு வாசற்படியில் நின்று எத்தனையோ முறை நான் இதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று பிற்பாடு என்னால் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சேறு போகத் தேய்த்துக் கழுவினார். மூன்றை மாட்டி, இறக்கி, முறுக்கியாகிவிட்டது. பின்பக்கத்து இடது சக்கரத்தை மாட்டி ஜாக்கியை அப்போதுதான் இறக்கியிருந்தார். ராகு காலம் வந்துகொண்டிருந்தது. படையல் போட்டாயிற்று, பொரி கடலை வைத்தாயிற்று, ஆயுதங்களை வைக்க வேண்டிய பலகைதான் பாதி காலியாகக் கிடந்தது. நான் போய் ஜாக்கியையும் ஸ்பேனரையும் அவர் காலடியிலிருந்து வாரிக்கொண்டு வந்தேன்.

"ஏய், அதுல ஒரு முறுக்கு பாக்கி கீது" என்றார்.

"நேரம் போவுதுங்க. இன்னிக்கி வண்டி எங்க போவப் போவுது? நாளைக்கி எடுத்து முறுக்கிக்கங்க."

சிரித்தார். "சரி, உன் சாமி, உன் பாடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஸ்பேனரைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். அரிவாள், சுத்தியல், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் நடுவில் அதுதான் பெரிதாகத் தெரிந்தது. பூஜை முடிந்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்குவதற்காக வண்டியை நாலடி நகர்த்தினார். அவ்வளவுதான், வண்டிக்கு அன்றைக்கு ஓய்வு. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலையில் மறுபடி பூஜை செய்யும் வரைக்கும் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். என் பிறந்த வீட்டில் அன்று ராத்திரிக்குக் கீரையைக்கூடக் கையால்தான் கிள்ளுவோம்.

வெயில் சாய்கிற நேரத்தில் மேற்கே இருக்கிற குடியிருப்பிலிருந்து ஒருவன் தன் பெண்டாட்டியை முதுகில் சுமந்துகொண்டு ஓடிவந்தான். முதலில் விளைந்த சாமையை அறுத்துக்கொண்டிருந்தவள் அவள். தாளைச் சேர்த்துப் பிடித்த இடது கையில் விரியன் பாம்பு போட்டுவிட்டது. கை முழங்கை வரைக்கும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவளை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தினான். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அந்த ஸ்பேனர எடு."

"பூஜைல கீதுங்க."

"தெரியும். ஒரே நிமிசம், முறுக்கிட்டு வெச்சிடறேன்."

நான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டேன். "அதான் மேல தூக்கி நிக்கசொல்லவே முறுக்கினீங்களே! சாமி முன்னால வெச்சத எடுத்தா அந்தப் பொண்ணுக்கே ஆவாதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை முறை எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் பிடிவாதத்துக்கு அவளையே சாட்சியாக இழுத்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட மனிதர் அல்ல. வெளியே அவள் முனகினாள். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடிப் போய் வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் வண்டி மலை இறங்குவது கேட்கும். வளைவு திரும்பும்போது சத்தம் இந்தப் பக்கம் வரும், அப்புறம் மறையும், அடுத்த வளைவில் மறுபடி வரும். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் என் கண் அந்த ஸ்பேனரைவிட்டு நகரவில்லை. இவ்வளவு கனமான இரும்பு, காலால் மிதித்து முறுக்க வேண்டியது, அதற்கு ஒரு பொட்டு வைத்துப் படுக்க வைத்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சத்தம் நின்றது. அடுத்த வளைவில் வர வேண்டியது வரவில்லை.

எழுந்ததும் ஸ்பேனரை எடுத்ததும் ஓடியதும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவிருக்கிறது. சாலை சுற்றிக்கொண்டு போகும், அதற்குக் குறுக்கே ஆட்கள் நடக்கிற ஒற்றையடித் தடம் நேராக இறங்கும். செருப்பில்லாமல் இறங்கினேன். உண்ணிச்செடி முள்ளில் புடவை கிழிந்தது. வண்டி பள்ளத்தில் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் செத்திருப்பார் என்று நினைத்தேன். ஸ்பேனரில் இருந்த குங்குமம் வியர்வையில் கரைந்து கையெல்லாம் சிவப்பாகிவிட்டது.

பாதி வழியில் அவர் எதிரே ஏறி வந்தார். வண்டி ஆடுவது தெரிந்ததும் நிறுத்திவிட்டாராம். நட்டுகளில் பாதி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டன, மீதி கையாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்துவிட்டன. அவளைப் புருஷனிடம் விட்டுவிட்டு, ஸ்பேனரை எடுக்கத்தான் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மற்ற மூன்று சக்கரத்திலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதில் போட்டு முறுக்கினார். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குலுங்கியது, பின்சீட்டில் அவளும் குலுங்கினாள். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மலைக்காரர்கள் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள்.

"அக்கா, நீயா கொண்டாந்த? எனக்காவவா ஓடியாந்த?" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போளூர் ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்துக்கொண்டாள். இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுக்க வேண்டி வந்தது. வழியில் போன அந்த நேரம் போகாமல் இருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று என் கணவர் டாக்டரிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றுவிட்டாராம். தப்பியிருக்கும் என்றாவது, தப்பியிருக்காது என்றாவது அவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தை மாதம் அவள் ஒரு பை நிறையச் சாமை கொண்டுவந்தாள். அடுத்த தையிலும் கொண்டுவந்தாள். குத்திப் புடைத்த சாமை, ஒரு கல் இருக்காது. "இந்த அக்கா சாமி முன்னால வெச்சதையே எடுத்துனு ஓடியாந்துச்சு" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் குடியிருப்பில் எனக்குப் பெரிய பெயர். அந்தச் சாமையைப் பொங்கி என் கணவருக்குப் போடுவேன். எனக்குக் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொள்வேன்.

ஒருநாள் அவரிடம், "நான் அவகிட்ட சொல்லிடப் போறேங்க" என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். "சொன்னா உன் மனசு லேசாவும். அவ விரலு?"

"அப்போ இப்பிடியே இருக்கட்டுமா?"

"தப்பு உன்து மட்டும் இல்ல. வண்டி ஓட்றவன் நானு. முறுக்காத வண்டிய எடுத்தது நானு. அவ புருசன் என் கையப் புடிச்சினு அழுதாம் பாரு, அன்னிக்கே எனக்குத் தூக்கம் போச்சு." அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை. அதுவரை என் குற்றத்தை நான் ஒருத்தியே சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த மனிதர் விழித்திருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்புறமும் சொல்லாமல்தான் இருந்தேன். எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு தையில் அவள் வந்தபோது பையின் வாய்க் கயிற்றை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். நான் வாங்கி அவிழ்த்தேன். "தாளு கைல நிக்க மாட்டேங்குது அக்கா. மத்தவ ஒரு கொல்லைய அறுத்து முடிக்கசொல்ல நான் பாதில நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரு முறுக்கு பாக்கி இருந்தது, அவர் கேட்டார், நான் மறித்து நின்றேன், உன் பெயரைச் சொல்லித்தான் மறித்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் அழவில்லை. என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அந்த இரும்பு எங்க இருந்துச்சு?"

"சாமி முன்னால."

"நானு?"

"வாசல்ல. வண்டில."

அவள் சாமையை என் முறத்தில் கொட்டிவிட்டு, பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். சோறு ஆகிவிட்டது, சாப்பிட்டுப் போ என்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அதன் பிறகு சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலைக் கடந்துதான் போனாள். ஒருநாள்கூடத் திரும்பவில்லை. சொன்னால் லேசாகும் என்று அவர் சொன்னது எனக்குப் பலிக்கவில்லை. ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்கிற இன்னொரு குற்றமும் சேர்ந்துகொண்டது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் எதிலும் மனசில்லாமல் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சக்கரங்களைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தாண்டி நேராக ஜீப்புக்குப் போய்ப் பின்பக்கத்து இடது சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"எறக்கிட்டியா அண்ணா?" என்றாள்.

"எறக்கிட்டேம்மா."

"அப்போ முறுக்கு."

அவர் ஸ்பேனரைப் போட்டுக் காலை ஊன்றினார். முதல் நட்டு, அதற்கு எதிர் நட்டு. முடிந்தது என்று நிமிர்ந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தபா" என்றாள். மறுபடியும் முறுக்கினார். பிறகு மற்ற மூன்று சக்கரத்துக்கும் கூடவே போய் அதேபோல உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நட்டையும் விடவில்லை. நான் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். ராகு காலம் ஆரம்பித்திருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும் அவரிடமிருந்து ஸ்பேனரை வாங்கினாள். இடது கையில் மிச்சம் இருந்த விரல்களால் அதைப் பிடித்தாள். அது நழுவப் பார்த்தது, வலது கையால் தாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இப்போ எடுத்துனு போயி பொட்டு வை" என்றாள்.

வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் வாசலிலேயே, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. என் கண் வாசலில் நின்றவள் மேலேயே இருந்ததில் பொட்டு கோணலாகத்தான் விழுந்தது. அதை நான் திருத்தவில்லை.