நேராக இறங்கிய புகை

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு, பட்டப்பகலில், நாலு பேர் பார்த்திருக்க நடந்தது. வீடியோகூட இருக்கிறது.

ஊசி மருந்துத் தொழிற்சாலைகளுக்குத் தூசியில்லாத அறைகளை வடிவமைப்பதுதான் அத்தானின் தொழில். மனிதர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தோல் செதில், முடி, எச்சில்... "நடமாடுற குப்பைத்தொட்டிங்க" என்பார், அதுவும் நாங்கள் சாப்பிடும்போது. ஒரு தொழிற்சாலையில் அவர் போட்ட பிளான்படி அப்படியோர் அறையைக் கட்டித் தந்தவர் எங்கள் அண்ணன். அவரும் ஒரு குப்பைத்தொட்டிதான்.

அன்று புகைச் சோதனை. கூரை முழுக்க ஃபில்டர். அதன் வழியே வரும் காற்று நேராகக் கீழே இறங்கும். அதில் விடுகிற புகையும் திரைச்சீலைபோல் நேராக இறங்க வேண்டும். நடுவில் ஆள் நின்றால் பிளந்து, சுற்றிக்கொண்டு போகும். கண்ணாடிக்கு வெளியே முதலாளி நின்றார். புகை கோணினால் கையெழுத்துக் கிடையாது. கூரையைப் பிரிக்க வேண்டும். அதன்பின் அத்தானை எவரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கேமரா ஓடத் தொடங்கியது. உள்ளே அத்தான் ஓரமாக நிற்க, அண்ணன் புகைக் குழாயைத் தூக்கிப் பிடித்தார். புகை இறங்கியது.

அறையின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில்... விலகியது.

"உங்க ஆளுங்க லட்சணம் தெரியுது மச்சான். ஃபில்டரைக் கோணலா மாட்டியிருக்காங்க."

"ஃபில்டர் ஒழுங்காத்தான் இருக்கு மாப்பிள்ளை. நல்லாப் பாருங்க."

பார்த்தார். மேலே ஓர் உருண்டை. அதற்குக் கீழே இரண்டு தோள். வெற்றிடத்தைச் சுற்றிப் புகை வழிந்துகொண்டிருந்தது.

உஸ்ஸ்ஸ்... காற்றுச் சத்தம் மட்டும்.

அந்த உருண்டை மெல்லத் திரும்பியது.

"வெளிய வந்துடுங்க மாப்பிள்ளை."

"பயமா இருந்தா போய்ப் பொண்டாட்டி பின்னால ஒளிஞ்சுக்குங்க."

விறுவிறுவென்று நடந்து, அதே இடத்தில் போய் நின்றார் அத்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

யாரோ ஒதுங்கி இடம்விட்டது போலிருந்ததாம் அத்தானுக்கு.

புகை நேரானது.

தரைவரை... ஒரு சுளிவில்லாமல்.

முதலாளி கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அத்தான் அண்ணனைப் படுத்தாத பாடில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். "பாருங்க, உங்க அண்ணன் எப்படி நடுங்கறார்னு."

அக்காதான் கேட்டாள். "இதுல நீங்க எங்க நிக்கறீங்க?"

"தெரியலையா? இதோ, புகைக்கு நட்டநடுவுல."

"அப்ப அது ஏன் உங்களைச் சுத்திப் போகலை?"

திரையில் புகை அவர் தலைக்குள் இறங்கி, காலடியில் வெளியே வந்துகொண்டிருந்தது.

அத்தான் நன்றாகத்தான் இருக்கிறார். வேலைக்குப் போகிறார், எல்லாரையும் இளக்காரம் பேசுகிறார்.

அவர் இருக்கும் அறையில் மட்டும் அக்கா கொசுவத்தி ஏற்றுவதில்லை.