சாப்பாட்டு வரிசைக்கு ஒரு பாட்டு

எங்கள் பக்கத்துச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் கலையை வளர்க்கும். மீதி நாளெல்லாம் அது தானாக வளர்ந்துகொள்ள வேண்டும். கோத்தா திங்கி ஊரில் ஒரு மண்டபத்தில் அப்படி வளர்த்த ஒரு நாளில் நான் கீபோர்டு வாசித்தேன். பாட வந்தவள் என் அக்கா.

அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குரல் திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டரே கையை விரித்திருந்தார். சமைக்கும்போது முணுமுணுத்து, பிறகு காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடி, ஒரே ஒரு பாட்டைத் தேற்றி வைத்திருந்தாள். போகும் வழியில் சொன்னாள்:

"இன்னிக்கு ஒருத்தராச்சும் உக்காந்து கேக்கட்டும்டா. இல்லன்னா இதோட விட்டுர்றேன்."

அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும்.

முன்வரிசை சோபாக்கள், டத்தோ பட்டம் வாங்கிய தலைமை விருந்தினருக்கும் அவர் பரிவாரத்துக்கும். அவர் வரும்வரை நாங்கள் தொடங்கக் கூடாது. வந்தார். மாலை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. மேடை இசை அழிந்தால் சமுதாயமே அழியும் என்று அழாத குறையாகப் பேசினார். அக்காவின் முறை வந்தபோது சங்கச் செயலாளர் மேடையோரம் ஓடி வந்தார்.

"டத்தோ ஒரு பாட்டு பாட ஆசைப்படுறாரு லா. அக்கா அப்புறம் பாடிக்கட்டும்."

டத்தோ ஒரு சுருதியில் தொடங்கி இன்னொன்றில் முடித்தார். நடுவில் எங்கெங்கே போனார் என்று அவருக்கே தெரியாது. நான் கீபோர்டில் அவரைத் துரத்தியே களைத்துப்போனேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. விசில் வேறு. வெட்கங்கெட்ட கூட்டம்.

அவர் கிளம்பினார், சோபாக்கள் காலியாயின. அக்கா மைக்கைப் பிடித்ததும் செயலாளர் இன்னொரு மைக்கில் அறிவித்தார்.

"சாப்பாடு ரெடி. எல்லாரும் போலாம்!"

அக்கா முதுகுகளைப் பார்த்துப் பாடினாள். சற்றுமுன் கலையைக் காப்போம் என்று உயர்ந்த கைகள் எல்லாம் ஆட்டிறைச்சியைக் கிளறிக்கொண்டிருந்தன.

அந்த வரிசையிலிருந்து ஒரு பெண்மணி விலகி வந்தார். யாரென்று எங்களுக்குத் தெரியாது. தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். வெறும் தட்டோடு டத்தோவின் சோபாவில் உட்கார்ந்தார். சரணத்தில் அக்காவின் குரல் உடைந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. தொடையில் தாளம் தட்டுவதையும் நிறுத்தவில்லை. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு அதே வரியை மறுபடி பிடித்தாள். முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செயலாளர் பல்லைக் குத்திக்கொண்டே வந்து, "டத்தோ பாடினத யாராச்சும் வீடியோ எடுத்தீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சாப்பாடு தீர்ந்திருந்தது. வாத்தியக்காரர்களுக்கென்று கட்டி வைத்த பொட்டலத்தைப் பிரித்து, அந்த வெறும் தட்டில் பாதியை வைத்தாள் அக்கா.

"அடுத்து எங்கம்மா பாடுறீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எங்கடா பாடுறோம்?"