ஞானசிகாமணி சார் கொடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்

ஞானசிகாமணி சார் இறந்துவிட்டார். காலையில் வாட்ஸப் குரூப்பில் பார்த்தேன்... நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

"பண்பாளர்", "எத்தனையோ பேருக்கு வழிகாட்டி" என்று ஆளாளுக்கு இங்கே போஸ்ட் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். நான் எழுத மாட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடியில் பல பேங்குகளுக்கு அவர்தான் வேல்யூவர். வீடு, மனை, உப்பளம்... எதை வைத்து லோன் கேட்டாலும், இது இவ்வளவு பெறும் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும்.

அவரிடம் அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன். பி.இ. சிவில் முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன்.

வேல்யூவராகப் பதிவு செய்ய டிகிரி மட்டும் போதாது. டிகிரிக்குப் பிறகு அதே துறையில் அஞ்சு வருஷ அனுபவம் வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சொற்பச் சம்பளத்துக்கு இருந்ததெல்லாம் அந்த அனுபவ லெட்டர் ஒன்றுக்காகத்தான்.

தருவைகுளத்தில் ஒரு போட் ஓனர் வீடு. புதுப் பெயின்ட் அடித்து கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பொத் பொத்தென்று சத்தம்... உள்ளே கம்பி முழுக்கத் துரு. உப்புக்காற்று தின்றுவிட்டது. கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, மதிப்பைக் குறைத்து நோட்டில் எழுதினேன்.

சார் எங்கே இருந்தார்? காரில். ஏசியில். அந்த வீட்டு அம்மா டீயைக்கூட அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த பேங்க் மேனேஜர் போன் போட்டு, "சார், உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுல்லா!" என்றார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சார் சிரித்துக்கொண்டே, "எல்லாம் அனுபவந்தான் சார்... அனுபவம்" என்றார்.

அப்போது நானும் சிரித்தேன். மடச்சி.

அப்புறம் அந்த போட்டோ. வேல்யூவர் நேரில் வந்து பார்த்தார் என்பதற்கு பேங்கில் போட்டோ கேட்பார்கள். காரை விட்டு இறங்குவார், சட்டையை இழுத்துவிடுவார், வாசலில் நிற்பார். ஆலந்தலையில் ஒரு நாள் மணல் கொதிக்கிறது, உள்ளே அளக்கச் செருப்பைக் கழற்றியவள் வெறுங்காலோடு நிற்கிறேன். "ஏம்மா லெட்சுமி, வெயில் மூஞ்சில அடிக்கு, அங்கன தள்ளி நின்னு எடு" என்றார். எடுத்தேன். மறுபடி காருக்குள் போய்விட்டார்.

அஞ்சு வருஷமும் போனைப் பிடித்தது நான்தான். அதனால் ஒரு போட்டோவிலும் நான் இல்லை.

வேலை தெரியாத மனுஷன் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நன்றாகத் தெரிந்தவர். என் நோட்டை ஒரு தடவை புரட்டினால் போதும், எது சரி, எது கோணல் என்று சொல்லிவிடுவார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அஞ்சு வருஷம் முடிந்து லெட்டர் கேட்டேன். ஒரு வாரம் அலைய விட்டுத்தான் கொடுத்தார். "இவர் எங்கள் அலுவலகத்தில் டைப்பிங், ஃபைல் பராமரிப்புப் பணிகள் செய்தார். நன்னடத்தை உள்ளவர்."

நன்னடத்தையாம்.

"சார், சைட்டுக்குப் போனது, அளந்தது, மதிப்பு போட்டது ஒண்ணும் இதுல இல்லையே..."

"சைட் போட்டோல நீ எங்கன இருக்க? காட்டு பாப்போம்."

அவரே தொடர்ந்தார்.

"நாளைக்கு நீ எதிர்த்தாப்புல போர்டு மாட்டுததுக்கு நான் லெட்டர் தரணுமோ?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான். விண்ணப்பம் திரும்பி வந்தது... டைப்பிங் வேலை அனுபவத்தில் சேராது என்று. லெட்டரை மாற்றித் தரச் சொல்லி மறுபடி போய் நின்றேன். "ஈஸ்டர் கழியட்டும், பாப்போம்" என்றார். ஈஸ்டரும் கழிந்தது.

இப்போது திருநெல்வேலியில் வேறொரு வேல்யூவரிடம் முதல் வருஷத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டார்கள். அந்த லெட்டரை மாற்றக்கூடிய ஒரே ஆள் இன்று போய்விட்டார்.

ஆனாலும் மத்தியானம் மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஹாலில் ஃப்ரீசர் பெட்டி, சுற்றி ஜெபம் நடக்கிறது. சாரின் பெரிய மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது ஆறுதல் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நல்ல நேரத்துல வந்தம்மா. தம்பி திங்கக்கிழமை துபாய்க்குப் போறான். அதுக்குள்ள பாகம் பேசணும். வீட்டை அளந்து ஒரு மதிப்பு போட்டுத் தாயேன்."

அடக்கம்கூட நாளைக்குத்தான்.

"நானா அண்ணே?"

"வெளியாளை நம்ப முடியாதுல்லா. அப்பா ரிப்போர்ட்டெல்லாம் நீதான் போட்டன்னு எங்களுக்குத் தெரியாதா? 'அவ டேப் பிடிச்சா அரை இஞ்சு பிசகாது'ன்னு சாப்பிடும்போதுகூட சொல்லுவாங்க."

வீட்டில், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அதைத்தானே, சார், ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.

போனில் இருந்த லெட்டர் போட்டோவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். "எனக்கு டைப்பிங் மட்டுந்தான் தெரியும் அண்ணே. அப்பாவே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காங்க."

படித்தார். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செத்தவரைப் பற்றி இப்படியா என்று கமெண்ட்டில் வருகிறவர்கள் வரலாம். எனக்கு அழுகை வரவில்லை.

சார்... நாளைக்கு அடக்கத்துக்கு நான் வர மாட்டேன். உங்கள் வீட்டை அளக்கத் தகுதியுள்ள யாராவது வருவார்கள்.

போங்கள்.