எல்லாருக்கும் வேலை கிடைத்த கல்லூரி

இன்று தங்கை மீனாவோடு தம்பானூருக்குப் பக்கத்தில், வேகமாக வளர்ந்துவரும் ஒரு எம்.பி.ஏ. கல்லூரிக்குப் போனேன். அதில் சேர்வதற்காகப் பார்க்கிற வேலையை விடப்போவதாக ஒரு மாதமாகச் சொல்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அட்மிஷன் மேஜையில் இருந்த பெண், நாங்கள் பேசுவதைக் கேட்டு மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறினாள்.

"முதல் பேட்ச்ல எல்லாருக்கும் வேலை கிடைச்சாச்சு, கேட்டோ."

"அதுல ஒருத்தர்கிட்டயாவது பேச முடியுமா?"

"என்கிட்டயே பேசலாம். நானும் முதல் பேட்ச்தான்."

"வேலை?"

"இதுதான். அவங்க ரெண்டு பேரும் என் கிளாஸ்மேட்ஸ்."

பக்கத்து மேஜைகளில் இருவர், புதிய மாணவர்களைச் சேர்க்க மும்முரமாக ஃபோன் செய்துகொண்டிருந்தார்கள்.

மீனா விண்ணப்பத்தை மூடிவைத்தாள்.

லிஃப்ட் வரை கூடவே வந்த அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி, "வேலையை விட்டுடாதீங்க சேச்சி. சாயங்கால வகுப்பு இருக்கிற காலேஜாப் பாருங்க" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் மீனா, "பாவம்ணா, நல்ல பொண்ணு" என்றாள். எனக்கோ, அப்படிக் கிடைக்கும் சாயங்காலக் கல்லூரியும் இவர்களுடைய இன்னொரு கிளையாக இருக்குமோ என்று சந்தேகம்.

அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். அங்கேயே வேலை பார்ப்பவர்கள் மட்டும் வேண்டாம்.