கோணல்கால் பறவை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சனிக்கிழமை காலை சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. நான் பிடித்தேன். அவள் அளந்தாள்.

"ஆட்டாதடா, இவோ. காபி குடிச்ச கையா இது?"

"நீதான போட்டுக் குடுத்த."

அம்மா பெயர் டெல்ஃபினா. இத்தாலியின் காகித ஊரான ஃபாப்ரியானோவில் முப்பது வருடமாகப் பழைய தாள்களுக்கு வயது சொன்னவள். ஒளியில் மட்டும் தெரியும் நீர்க்குறியை அவள் அளப்பாள். தாளிலுள்ள தோல்பசை, சுண்ணாம்பின் அளவை நான் கருவியில் பார்த்துச் சொல்வேன்.

ஆறு வருடம் முன்பு ஒரு மலையூர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டை ஆராய்ந்தாள். பாதித் தாள்களில் நீர்க்குறிப் பறவையின் கால் மூன்று மில்லிமீட்டர் கோணியிருந்தது. அவை பிற்காலத்தில் செருகப்பட்டவை என்று எழுதிக் கொடுத்தாள். பசையும் சுண்ணாம்பும் எல்லாத் தாளிலும் ஒரே அளவு என்று நான் சொன்னேன்.

"உன் மெஷினுக்குக் கண்ணு இல்லடா" என்றாள்.

பங்குத்தந்தை உபால்டோ அந்தத் தாள்களைப் பிரித்துப் பெட்டியில் பூட்டினார். திருவிழாவில் பதிவேட்டை ஊருக்குக் காட்டும் வழக்கமும் நின்றது.

சனிக்கிழமை பார்த்தது யாரும் பிரிக்காத வேறொரு நோட்டின் தாள்கள். நேர்கால் பறவை, கோணல்கால் பறவை, மறுபடி நேர்கால். கடைசித் தாள் வரை இரண்டும் கலந்தே வந்தன. பதிவேட்டில் இருந்த அதே பறவைகள். அம்மா அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"ஜோடிச் சல்லடை" என்றாள்.

எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஒரு தொட்டிக்கு இரண்டு சல்லடை. ஒன்று கூழில் முங்கும்போது மற்றதிலிருந்து தாளைக் கவிழ்ப்பார்கள். சல்லடையில் தைத்த கம்பி உருவம்தான் தாளில் நீர்க்குறியாக விழும்; கையால் கம்பி வளைத்துச் செய்த இரண்டு பறவைகள் அச்சாக ஒன்றுபோல இருக்காது.

"செருகினது இல்லடா, எல்லாம் ஒரே தொட்டித் தாளு. காகித ஊர்ல பொறந்த கழுத நான்."

"ஃபாதருக்கு லெட்டர் போட்டுடலாம்மா."

"நேர்ல போய்த்தான் திட்டு வாங்கணும். வியாழக்கிழமை வண்டிய எடு. போற வழியில அவருக்குப் பன்னிக்கறி சலாமி வாங்கிக்கலாம். வாய் நிறைய இருந்தா கம்மியாத் திட்டுவாரு."

செவ்வாய் மதியம் அவள் இதயம் நின்றது. காரணம் சான்றிதழில் இருக்கிறது.

அடக்கத்துக்கு உபால்டோ வந்தார். வயது எண்பத்தாறு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா சொன்னாங்கன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல தம்பி. அந்தத் தாளயெல்லாம் இன்னிக்கும் பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

தலையாட்டினேன்.

திருத்த அறிக்கை அவள் பையில் இருந்தது. இரண்டு பக்கம். கையெழுத்து போடவில்லை. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: சலாமி, மிளகு இல்லாதது.