கண்மாய்க் காவலர் போட்ட வெடி

மாலை நாலே காலுக்கு மகளின் போன் அடங்கிப்போனது. புயல் கரையைக் கடந்த மறுநாள் அது. காற்று தள்ளிவந்த கடல் பறவைகள் கண்மாய்களில் இறங்கியிருக்கும் என்று, பைனாகுலருடன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தேடப் போயிருந்தாள். ராஜபாளையத்திலிருந்து பதறிக்கொண்டு போனேன். கரையில் அவளுடைய வண்டி மட்டும் நின்றது. கண்மாய் நிரம்பி, உபரி நீர் வழியும் கலுங்கில் தண்ணீர் இரைந்து விழுந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அங்கே மீன் குத்தகைக் காவலர் உட்கார்ந்திருந்தார். தலையில் உரச்சாக்கு, இடுப்பில் வெடிப்பை. மீன் தின்ன வரும் பறவைகளை வெடி போட்டு விரட்டுவது அவர் வேலை. அன்று விரட்டாமல், இறங்கிய ஒவ்வொன்றையும், "வாங்க மாப்ள, விருந்து ரெடி" என்று வைதுகொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளயா? நாணலுக்குள்ள போச்சு. இன்னைக்கு மட்டும் வெடி போடாதீகன்னு கும்பிட்டுச்சு. சரின்னுட்டேன்."

செருப்பை உதறிவிட்டு நாணலைப் பார்த்துத் தண்ணீரில் இறங்கப் போனேன். அவர் எழுந்து வந்து மறித்தார்.

"வாக்கு போனாப் போகுதும்மா. வெடிச்சா, என்னைய வையவாவது ஓடியாரும்."

திரியைப் பற்றவைத்து வீசினார். பறவைகள் மொத்தமும் எழும்பின. இன்றும் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் அவரை நினைத்து என் கை குவிகிறது.

நாணல் விலகியது. முழங்கால் வரை சேற்றோடு வந்த மகள் என்னைக் கவனிக்காமல் நேரே அவரிடம் போனாள்.

"வாக்குக் குடுத்தீகளே! இப்பத்தான் ஒரு கடல் ஆலா கண்ணுல பட்டுச்சு!"

"வையி தாயி, நல்லா வையி," என்றார் அவர். "உங்கம்மா காதாரக் கேக்கட்டும்."