புட்டு மாவும் பித்தளைச் சில்லும்

வெள்ளைக்காரன் காலம். கலியாணமாகி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், என் கணவர் என்னோடு கதைத்ததைவிடத் தான் செய்துகொண்டிருந்த கையளவு நீராவி எஞ்சினோடு கதைத்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமையானால் பின்வளவில் சிரட்டைக்கரி மூட்டி, எஞ்சினுக்குச் சக்கரச் சில்லு வார்க்கப் பித்தளை உருக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மண் அச்சில் ஊற்றிய பித்தளை வெடித்துச் சிதறி அவர் காலைச் சுட்டுவிட்டது. "எல்லாத்தையும் கடலில எறியப்போறன்" என்றார். மருந்து பூசிவிட்டு, ஏனோ அந்த மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். சொதசொதவென்றிருந்தது.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு தண்ணி விட்டால் புட்டுக்கூட அவியாது. பிடிச்சால் பிடிபடவேணும், உதிர்த்தால் உதிரவேணும்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீர் குழைச்சுத் தாருமன்."

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

நான் குழைத்த மண்ணில் சில்லு முழுதாக வந்தது. ஆனால் அச்சில் என் விரல் அழுத்திய இடம், சில்லின் ஓரத்தில் மேடாக நின்றது.

"அரத்தால தேய்ச்சுவிடுங்கோ, வடிவில்லை."

"அது கிடக்கட்டும்" என்றார்.

அந்த மேட்டால் எஞ்சின் எப்போதும் துள்ளித் துள்ளித்தான் ஓடியது. பிசகில்லாமல் ஓடவேண்டுமென்று உயிரைக் கொடுத்து உழைத்த மனிதர், கடைசிவரை அரத்தை மட்டும் எடுக்கவேயில்லை.